சஃபீருக்கான தண்ணீர்

குளியலறைத் தொட்டியின் அடியில் செம்மண் படிந்திருந்தது. புதுமடத்தில் கடற்கரையும் வெள்ளை மணல், தென்னந்தோப்பும் வெள்ளை மணல். ஜஸீலா தொட்டியைத் தேய்த்துக் கழுவி, நிரப்பி, அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தாள். மறுபடியும் செம்மண்.

அவள் கணவன் சஃபீர், ஐ.நா. அமைதிப்படையோடு ஆப்பிரிக்காவுக்குப் போன ராணுவ வீரன். முத்திரை வைத்த பெட்டியில் வந்தான். திறக்க வேண்டாம் என்றார் கூட வந்த அதிகாரி. "தம்பி ஷஹீது, தியாகி. போர்ல மவுத்தானவனக் குளிப்பாட்ட வேண்டியதில்ல" என்று முடித்துவிட்டார் அவன் அண்ணன் காஜா நவாஸ். ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் கபுர்க் குழிக்குள் போனான் சஃபீர்.

போர் எதுவும் இல்லை. அது அவளுக்கும் தெரியும், காஜா நவாஸுக்கும் தெரியும். அந்தச் செம்மண் பூமியில், அகதி முகாம் வேலிக்கு அந்தப் பக்கம் ஆயுதக் கும்பல் ஆட்களை வெட்டிக்கொண்டிருக்க, சுடக் கூடாது என்ற உத்தரவோடு இந்தப் பக்கம் நின்றவன் அவன். லீவு கேட்டான்; கிடைக்கவில்லை. "தூங்க முடியல புள்ள. கண்ண மூடுனா அந்தப் பொம்பளைங்க வேலியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க" என்று வாய்ஸ் மெசேஜில் அழுதான். மறுநாள் காவல் கூண்டில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான்.

இப்போது காஜா நவாஸ் திரைக்கு அந்தப் புறம் நின்றார். கணவனை இழந்து இத்தாவில் ஒதுங்கி இருப்பவளிடம் அப்படித்தான் பேச வேண்டும்.

"நாளைக்கு இரங்கல் கூட்டம். அவன் அழுதத அழிச்சுரு."

"அழிக்க மாட்டேன் மச்சான். மைக்குல போடச் சொல்லி அனுப்பப் போறேன். தூங்க விடாமக் கொன்னுருக்காங்க."

"ஊரே காறித் துப்பும்."

"துப்பட்டும். ஒங்க தம்பிக்கு அந்தத் தண்ணியாச்சும் கெடைக்கட்டும்."

அவர் வாயெடுக்குமுன் குளியலறைக்குள் பூட்ஸ் இழுபட்டது. மழையில் நனைந்த மண்ணின் வாசனையும், துப்பாக்கி எண்ணெயும், பல நாள் கழற்றாத காலுறையின் நாற்றமும் கதவிடுக்கில் மெல்லக் கசிந்து வந்து, அவள் முக்காட்டுக்குள் புகுந்து, நாக்கில் துருப்போல ஒட்டின.

கதவைத் தள்ளினாள்.

துவைகல்லில் உட்கார்ந்திருந்தான். சுவரைப் பார்த்து. உடுப்போடு. பின்மண்டையில் பாதி இல்லை.

ஓடலாம். ஓடவில்லை. உள்ளே போய்த் தாழிட்டாள்.

"பிஸ்மில்லாஹ்."

வலது தோளிலிருந்து ஊற்றினாள். செம்மண் ஓடியது. பிறகு வேறு சிவப்பு. பிறகு தெளிந்தது.

காஜா நவாஸ் கதவை இடித்தார். "ஏம்புள்ள, உள்ள யாரு? கதவத் தொற!"

"தொறக்க மாட்டேன். ஒங்க தம்பியக் குளிப்பாட்டுறேன். மோட்டாரப் போட்டு விடுங்க மச்சான்."

இடிப்பது நின்றது. மோட்டார் உறுமியது.

சஃபீர் எழுந்தான். போகவில்லை. சொட்டச் சொட்டச் சுவரோரம் நகர்ந்து, கல்லை இன்னொருவனுக்கு விட்டான்.

தெரியாத முகம். வேறு நாட்டு உடுப்பு. அதே செம்மண்.

ஜஸீலா முக்காட்டை இறுக்கிச் செருகிக் குவளையை முக்கினாள். "வாங்க. எல்லாரும் வாங்க."

அப்போதுதான் பார்த்தாள். குளியலறையின் கொல்லைப்பக்கக் கதவு திறந்திருந்தது. மணலில் வரிசை. அமைதிப்படையின் நீலத் தொப்பிகள். கரைவரைக்கும். கரையைத் தாண்டியும். கழுத்தளவு கடலில் நின்றும் மண் போகாத முகங்கள், இமைக்காமல், அவள் கைக் குவளையையே பார்த்தபடி.