விளக்கணைப்பவளுக்கு ஒரு குரல்

கீழ்த்தட்டில்... அதுவும் தூணுக்குப் பின்னால்!

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இன்றைக்குத்தான் அவள் எழுதிய புத்தகம் கடைக்கு வந்த முதல் நாள். கண்ணும் கருத்துமாக வளர்த்த பேயைக் கொண்டுபோய்த் தோட்டக்கலைப் புத்தகங்களுக்கும் பழைய அகராதிகளுக்கும் நடுவில் சொருகி வைத்திருக்கிறார்களே... ரோஜாச் செடிக்கு என்ன உரம் போடலாம் என்று குனிகிறவனா பேய்க் கதை வாங்கப் போகிறான்?

வெளியே மழை. கடையில் நாலைந்து பேர்தான். கல்லாவில் இருந்தவர் போனில் யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தார். அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். இருந்த பிரதிகளை எல்லாம் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்து எடுத்துப்போய், வாசலைப் பார்த்த மேஜையில் வரிசையாக நிமிர்த்தி வைத்தாள். அட்டையில் ஒரு சாவித் துவாரம். அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு கண். ‘விளக்கணைப்பவள்’ என்று மேலே பெரிய எழுத்து.

‘இங்கே இரு... ராணி மாதிரி இரு’ என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, தூரத்திலிருந்து அழகு பார்க்கக் கடைக்கோடிக்குப் போனாள். எல்லா எழுத்தாளர்களும் செய்கிற வேலைதான் இது. ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

திரும்பி வந்தால்... அத்தனையும் குப்புறக் கிடந்தன.

யாரோ கை பட்டுத் தட்டிவிட்டார்கள் போல என்று மறுபடி நிமிர்த்தினாள். இந்த முறை பக்கத்து அலமாரிக்குப் பின்னால் நின்று கவனித்தாள். நெட்டையாக ஒருவன் வந்தான். சட்டைத் தோள் இரண்டும் நனைந்திருந்தன. கள்ளப் பார்வை ஒன்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து மெதுவாகக் குப்புறப் படுக்கவைத்தான்.

“ஹலோ! என்ன பண்றீங்க?”

அவன் துள்ளிய துள்ளலில் கடைசிப் பிரதி கைநழுவிக் கீழே விழுந்தது. நிமிர்ந்தான். இமையெல்லாம் மழைத்துளி... அதற்கு நடுவில் மிட்டாய் திருடி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கண்கள். அந்தக் கண்களை வைத்துக்கொண்டு இவனால் பெரிய தப்பு எதுவும் செய்ய முடியாது என்று அவளுக்கு உடனே தோன்றிவிட்டது.

“அந்தக் கண்ணு என்னையே பாக்குதுங்க.”

அப்பா... என்ன குரல்! குளிர்கிற நேரத்தில் யாரோ போர்வையை இழுத்துப் போர்த்திவிட்ட மாதிரி இருந்தது. அவள் கோபத்தை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“அது அட்டைப்படம்ங்க!”

“எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியலையே.”

“பயமா இருந்தா அந்தப் பக்கம் போக வேண்டியதுதானே?”

“அந்தப் பக்கம்தாங்க சமையல் புக்கு பாத்துட்டு இருந்தேன். அங்கேயும் வந்து பாக்குது.”

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள். “படிச்சிருக்கீங்களா?”

“முழுசா! வேற வழி? தொழில் அப்படி. படிச்ச நாள்லேர்ந்து லைட்டை அணைக்காமதான் தூங்கறேன். ஹால் லைட்டு, பாத்ரூம் லைட்டு... பிரிட்ஜ் கதவைக்கூட லேசாத் திறந்து வெச்சுடலாமான்னு யோசிக்கறேன்.”

தொழில் என்றானே, என்ன தொழில் என்று கேட்டிருக்கலாம். எங்கே கேட்பது... அவள்தான் ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்தாளே! ஆறடி ஆண்பிள்ளை தன் எழுத்துக்குப் பயந்து பிரிட்ஜ் வெளிச்சத்தில் தூங்குகிறான். இதைவிட வேறு விருது எதற்கு?

“எழுதினவரு பொல்லாத ஆளுங்க,” என்றான் அவன். “எழுபது வயசு இருக்கும். இவ்ளோ பெரிய மீசை. மேஜை மேல மண்டை ஓடு வெச்சிருப்பாரு. ஜென்மத்துல சிரிச்சிருக்க மாட்டாரு.”

பின்னட்டையில் படம் கிடையாது. புனைபெயரைப் பார்த்தாலும் ஆணா பெண்ணா தெரியாது. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

“ஏங்க சிரிக்கிறீங்க?”

“மீசை கிடையாதுன்னு கேள்விப்பட்டேன்.”

“எப்படியோ... ஆனா ஒண்ணுங்க. அந்தப் பேய் இருக்கே, ரொம்பப் பாவம்.”

அவள் சிரிப்பு நின்றது. “பாவமா? பயமுறுத்தத்தாங்க பேய். பாவப்படறதுக்கு இல்ல!”

பேயைப் பெற்றவளுக்குத்தானே தெரியும் அதன் அருமை! விடுவிடுவென்று வெளியே நடந்தாள். வாசலில் மனசு கேட்காமல் திரும்பிப் பார்த்தாள். அவன் ஒரே ஒரு பிரதியை மட்டும் நிமிர்த்தி வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். அவளுக்கு என்னமோ செய்தது.

அந்த வாரமே பதிப்பாளர் அக்காவிடமிருந்து போன் வந்தது.

“ஏய் பேய்ராணி! உன் கதையை ஒலிப்புத்தகமாப் பதிவு பண்ணியாச்சு. நீ கேட்டு சரின்னு சொன்னாதான் வெளியே விடுவோம். கிளம்பி வா.”

பேய்ராணி என்று அக்கா வைத்த பெயர் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். மற்றவர்கள் நினைக்கிறபடி அவள் நடுநிசியில் எழுதுகிறவள் இல்லை. காலை வெயில் விழுகிற சாப்பாட்டு மேஜையில்தான் எழுதுவாள். எழுதியதை நடந்துகொண்டே உரக்கப் படிப்பாள். வெயிலிலும் தன் கைரோமம் சிலிர்த்தால்தான் அந்தப் பக்கம் பிழைக்கும். இல்லையென்றால் குப்பைக்கூடைதான். அப்படிப் பிழைத்த பக்கங்களை யார் எப்படி வாசித்திருக்கிறார்களோ என்ற படபடப்போடு பதிவுக்கூடத்துக்குப் போனாள்.

சின்ன அறை. சுவரெல்லாம் சத்தம் உறிஞ்சும் பஞ்சுத் தகடு. ஒற்றை மைக். அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவன் திரும்பினான்.

“இவங்கதான் எழுதினவங்க,” என்றாள் அக்கா.

அவன் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. “மீசை... எங்கே?”

இருவரும் சிரித்தார்கள். ஒன்றும் புரியாத அக்கா மின்விசிறியைக் கூட்டிவைத்துவிட்டுப் பதிவை ஓடவிட்டாள்.

கேட்கக் கேட்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. நானா எழுதினேன் இதை? வார்த்தைக்கு வார்த்தை அவன் கூடவே மூச்சுவிட்டிருந்தான். பழைய குடியிருப்பு ஒன்றில் இறந்துபோனவள், உயிரோடு இருப்பவர்கள் அணைக்காமல் விட்ட விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருகிறாள். கடைசியில் நடுங்கிக் கிடக்கும் சிறுமியின் கட்டிலில் வந்து உட்கார்ந்து, கதை முழுவதிலும் ஒரே ஒரு முறை பேசுகிறாள்.

‘லைட்டை அணைச்சுட்டுத் தூங்கு தங்கம்... நான் இருக்கேன்ல.’

ரத்தம் உறைய வேண்டிய இடம். அவன் தாலாட்டுப் போலப் படித்து வைத்திருந்தான்.

“நிறுத்துங்க! என்ன இது?”

“கடைசி வரிங்க.”

“பேய் பேசற வரி! நீங்க சளி புடிச்ச குழந்தைக்குப் பால் காய்ச்சிக் குடுக்கற மாதிரி படிக்கறீங்க!”

“அவங்க அப்படித்தான் பேசறாங்க. கதை முழுக்க அந்தம்மா யாரையாவது அடிச்சாங்களா, கடிச்சாங்களா? லைட்டைத்தானே அணைக்கறாங்க? தூங்க வைக்க வந்தவங்க அவங்க.”

“உறுமணும். அடித்தொண்டையில உறுமணும். என் பேயைப் பத்தி எனக்கே பாடம் எடுக்காதீங்க!”

“எழுதினது நீங்கதான். ஆனா என் பேர் போட்டு, நான் நம்பாததை நான் படிக்க மாட்டேங்க.”

“அப்ப வேற யாராவது படிக்கட்டும்.”

சொன்ன பிறகுதான் அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் சுருக்கென்றது.

அக்கா தலையில் கைவைத்தாள். “ரெண்டு பேருக்கும் தான் புடிச்ச முயலுக்கு மூணே கால்! ஞாயித்துக்கிழமை யோசிச்சுட்டுத் திங்கக்கிழமை சொல்லு. வேற குரல் தேடணும்னா தேடறேன்.”

குறை கண்டுபிடிப்பதற்காகவே பதிவை வீட்டுக்கு எடுத்து வந்தாள்... அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஞாயிறு பகலில், ஜன்னல் வழியாக வெயில் கொட்டிக்கொண்டிருக்க, அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். குறை ஒன்றும் அகப்படவில்லை. கடைசி வரி மட்டும் நெஞ்சில் எங்கேயோ இடறிக்கொண்டே இருந்தது.

அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மகளுடைய புத்தகம் ஏதாவது ஒன்று எப்போதும் அவர் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும். “என் பொண்ணு எழுதினது. படிச்சா ஒரு வாரம் தூக்கம் வராது... பிரேக்கை மிதிங்க, பிரேக்கை!” என்று கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிடுவார். ஒரு பக்கமாவது படித்திருப்பாரா என்றால், அதுதான் இல்லை. பேய் என்றாலே அவருக்கு ஆகாது.

சாவியை ஆணியில் மாட்டப்போனவர் அப்படியே நின்றார்.

“குட்டி... அதைத் திரும்பப் போடு.”

போட்டாள்.

‘லைட்டை அணைச்சுட்டுத் தூங்கு தங்கம்... நான் இருக்கேன்ல.’

“இது உங்கம்மா சொல்றதுடா.”

“என்னப்பா சொல்றீங்க?”

“சின்ன வயசுல உனக்கு இருட்டுன்னாலே ஆகாது. உங்கம்மா ஆஸ்பத்திரிக்கு நைட் டியூட்டிக்குக் கிளம்பும்போது உன் பக்கத்துல உக்காந்து இதையேதான் சொல்லுவா. கிளம்பிப் போறவ, நான் இருக்கேன்லன்னு சொல்லிட்டுப் போவா...” அப்பாவின் குரல் உடைந்தது. “உன்னைத் தங்கம்னு அவளைத் தவிர யாரு கூப்பிட்டா?”

யாருமில்லை. அம்மா இறந்துபோனபோது அவளுக்கு ஐந்து வயது. முகம்கூடப் புகைப்படத்தில் பார்த்ததுதான். அந்த வரி காலை வெயிலில், மேஜையில், தானாக வந்து விழுந்தது. கற்பனை என்றுதான் நினைத்தாள். கைரோமம் சிலிர்த்ததைப் பயம் என்றல்லவா நினைத்துவிட்டாள்...

“முதல்லேர்ந்து போடு,” என்றார் அப்பா. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பயந்த இடங்களில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரை கேட்டார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். “ஊரெல்லாம் உன்னைப் பத்திப் பீத்திக்கிட்டேன்ல... ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லடா.”

எத்தனையோ பாராட்டு கேட்டிருக்கிறாள். இதற்கு மட்டும் அவள் விசித்து விசித்து அழுதாள்.

“ஆமா... யாரு இந்தப் பையன்? நல்லா வளர்த்த புள்ளை மாதிரி பேசறானே. கல்யாணம் ஆயிடுச்சா?”

“அப்பா!”

திங்கட்கிழமை மறுபடி மழை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். அவளுக்கு ஒட்டுவதற்கு மீசையும் இல்லை. ‘நான் சொன்னது தப்பு’ என்ற மூன்று வார்த்தையை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அவன் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தான். பக்கத்தில் வெந்நீர்ப் புட்டி. அவள் வாயைத் திறப்பதற்குள் கையமர்த்தி, ஒரு பதிவை ஓடவிட்டான்.

உறுமல்! அடித்தொண்டையிலிருந்து... கிணற்றுக்குள்ளிருந்து எழும்புவது போல... அவள் கேட்டது கேட்டபடி. உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது.

“நேத்து முழுக்க...” அவனிடமிருந்து காற்றுதான் வந்தது. தொண்டை போயே போய்விட்டது. “இப்ப... சரியா?”

“நம்பாததைப் படிக்க மாட்டேன்னு சொன்னீங்க?”

“என் பேர்... சின்னதாத்தான் போடுவாங்க.” மூச்சு வாங்கிக்கொண்டான். “பெரிசா இருக்கறது உங்க பேரு. அது... தோக்கக் கூடாது.”

குரலை வைத்துப் பிழைக்கிறவன். அவளுடைய பெருமைக்காக அந்தக் குரலையே கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அழிச்சிடுங்க,” என்றாள். “முதல்ல படிச்சதுதான் சரி. நான் சொன்னது தப்பு.”

அம்மாவைப் பற்றிச் சொன்னாள். நைட் டியூட்டி, கட்டில், தங்கம், அப்பா அழுதது எல்லாம். கேட்கக் கேட்க அவன் கண்களிலும் மழை கட்டியது. “எழுதினது நான். எனக்கே தெரியல. நீங்க மட்டும் எப்படி அம்மாவைக் கேட்டீங்க?”

அவன் தோளைக் குலுக்கினான். தெரியாது என்றா, சொல்லத் தெரியவில்லை என்றா... அவளுக்கு எதுவானாலும் சரியாகத்தான் இருந்தது.

அப்போதுதான் கவனித்தாள். மேஜையில் அவள் புத்தகம் நிமிர்ந்து இருந்தது. சாவித் துவாரக் கண் நேராக அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

“பயமா இல்லையா?”

“பழகிட்டேன்,” என்று கிசுகிசுத்தான். “எழுதினவங்க பாக்கற மாதிரி... இருக்கு.”

அவளுக்குக் காதுமடல் சுட்டது. எத்தனை பேய்களைக் கூசாமல் எழுதியவள்! இப்போது நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் அந்தப் பஞ்சுச் சுவருக்கும் கேட்டிருக்கும்.

“ராத்திரி இன்னும் லைட்டு எரியுதா?”

தலையைக் குனிந்து, ஆமாம் என்று ஆட்டினான்.

சொல்வதற்கு வேறு வேறு வாக்கியங்களைத் தேடினாள். எழுத்தாளருக்கு ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் தான் எழுதியதிலேயே நல்ல வரியை எடுத்தாள். உறுமாமல், மெதுவாக, அம்மா சொன்ன மாதிரியே சொன்னாள்.

“லைட்டை அணைச்சுட்டுத் தூங்குங்க... நான் இருக்கேன்ல.”

அவன் நிமிர்ந்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. தவித்துப்போய், சட்டென்று கையை நீட்டி மேஜைமேலிருந்த புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்தான்.

“ஐயோ... இப்ப எதுக்கு?”

அவன் குனிந்து, அவள் காதருகே வந்து, இருந்த கொஞ்சநஞ்சக் காற்றையும் கூட்டிச் சொன்னான்.

“இனிமே நடக்கறதை... அது பாக்க வேணாம்.”