அரசனுக்கும் அதே வாசல்

கடலைத் தடுக்கும் மதில் சூழ்ந்த நகரமான கடலரணுக்குள் நுழைகிறவர்கள் ஒவ்வொரு காலையும் வேர்வாசலில் நின்று வம்சத்தை ஒப்புவிக்க வேண்டும். இரவைக் கணவனின் படகில் கழித்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போகும் வழக்கறிஞர் தர்மினிக்கு அது பல் துலக்குவது மாதிரிப் பழகிப்போன வேலை. ஆனால் முதலில் வாசலைக் காக்கும் தடங்காணி என்ற இயந்திரம், புதிய வெசெக்ஸ் நாட்டின் மூல அரசராகக் கொண்டாடப்படும், பல நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த செர்டிக்கின் பரம்பரையை வோடன் என்ற தெய்வம் வரைக்கும் ராகம் போட்டு ஓதும். மழை கொட்டினாலும் ஒரு பெயரை விடாது. மனிதர்களின் முறை அதற்குப் பிறகுதான்.

கடல் பாதி இங்கிலாந்தை விழுங்கிய பிறகு வந்தது தொடர்மரபுச் சட்டம். அரணுக்குள் இடம் குறைவு, யாரையாவது வெளியே நிறுத்தியாக வேண்டும். முன்னோரில் ஒருவருக்காவது தகப்பன் யாரென்பதில் ஐயம் இருந்தால், அவரும் அவர் வழி வந்த எல்லோரும் 'தடம் அறுந்தவர்கள்'. தர்மினியின் முன்னோர் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டபோது பிறப்புப் பத்திரங்களைக் கட்டிக்கொண்டு வந்த கெட்டிக்காரர்கள். அவள் கணவன் நிமலனின் பூட்டனுக்குப் பூட்டனோ போரில் வீதியோரம் கண்டெடுக்கப்பட்ட குழந்தை. அதனால் நிமலனுக்கு அரணுக்கு வெளியே படகுதான் வீடு.

நாளை மாரிக்காலத்துக்காக வாசலைப் பூட்டப் போகிறார்கள். அவனுடைய மேல்முறையீட்டுக்கு இன்றுதான் கடைசித் தவணை.

"இண்டைக்குத் தோத்தால் நானும் படகுக்கே வந்திடுவன்," என்றாள் தர்மினி.

"விசர்க்கதை கதையாதையும். பூட்டினால் சித்திரை வரைக்கும் திறவாங்கள். போன மாரி எத்தினை படகு கடலுக்கை தாண்டுபோச்சுது எண்டு உமக்குத் தெரியும்தானே."

"தெரிஞ்சபடியாத்தான் சொல்லுறன்."

நிமலன் அவளுடைய கறுப்பு அங்கியின் கழுத்துப்பட்டியைச் சரி செய்தான்.

நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த நீதிபதி எடித் ஹார்வுட், செர்டிக்கின் அரச வம்சம் என்று பெயரெடுத்தவர். அதை மறக்க யாரையும் விடமாட்டார். "புதிதாக ஏதாவது உண்டா, வழக்கறிஞரே?" என்று சலிப்போடு கேட்டார்.

"உண்டு, மாண்புமிகு நீதிபதி அவர்களே. மூன்றாம் பிரிவின்படி ஒருவரை மறுசோதனைக்கு உட்படுத்தக் கோருகிறேன்."

குடிமக்கள் பதிவில் உள்ள எவரையும் எவரும் மறுசோதனைக்கு இழுக்கலாம் என்பது மூன்றாம் பிரிவு. அடுத்த வீட்டுக்காரனைப் போட்டுக்கொடுக்கவென்றே எழுதியதோ என்னவோ, அதற்குத்தான் அது பயன்பட்டது.

"யாரை?"

"பதிவின் முதலாம் நபரை. செர்டிக் அரசரை."

அரசு வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். பாவம், அவர் என்ன செய்வார். வாசலில் பரம்பரையை ஓதும் பகட்டுக்காக, செத்துப்போன அரசரைக் குடிமகனாகப் பதிந்து வைத்தது யாரோ ஒரு புத்திசாலி. பதிந்தவர் சட்டத்துக்கும் உட்பட்டவர்தான். முகத்தைத் தேய்த்துக்கொண்ட நீதிபதி, வேறு வழியில்லாமல் தலையசைத்தார்.

தடங்காணியின் குரல் மன்றச் சுவரிலிருந்து வழக்கமான மரியாதையோடு பேசியது. "செர்டிக். இது சாக்சன் பெயர் அன்று, பழைய பிரித்தானியர் பெயர் என்பது பலர் கருத்து. தகப்பன் எலேசா என்கிறார்கள், சான்று இல்லை. அவருக்கு மேலே உள்ள பெயர்கள் வடக்கே இன்னோர் அரச குலத்திடம் இரவல் வாங்கியவையாக இருக்கலாம். மகன் கின்ரிக் என்கிறது ஓர் ஏடு. இல்லை, கின்ரிக் பேரன், இடையில் கிரியோடா இருந்தார் என்கிறது மற்றொன்று. ஆட்சி தொடங்கிய ஆண்டும் ஏட்டுக்கு ஏடு மாறுகிறது. முடிவு: முதலாம் நபர் தடம் அறுந்தவர். அவர் வழி வந்ததாகப் பதிந்துகொண்ட அனைவரும் அவ்வாறே. மாலைக்குள் வெளியேறவும்."

வெளியேற வேண்டியவர்களின் பெயர்கள் சுவரில் ஓடத் தொடங்கின. ஆட்சிமன்றத்தார் அத்தனை பேர், அரசு வழக்கறிஞர், நீதிபதி ஹார்வுட், அவரை வெளியேற்ற வேண்டிய காவலர்களில் பாதிப்பேர். ராஜ ரத்தம் என்று ஆசைப்பட்டு ஊரே போட்டி போட்டுப் பதிந்திருந்தது. காவலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவர் அரசர். அவருக்கு இதெல்லாம் பொருந்தாது," என்றார் அரசு வழக்கறிஞர்.

"சட்டத்தில் விலக்கு எதுவும் இல்லையே," என்றாள் தர்மினி. "அவரை வெளியேற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. தகப்பன் யாரென்று தெரியாமலும் ஒருவர் இந்த மண்ணில் ஒரு நாட்டைத் தொடங்கியிருக்கிறார். அது பெருமையான விஷயம். அவரை வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தை வெளியேற்றுங்கள்."

நீதிபதி சுவரில் தன் பெயரை வெகுநேரம் பார்த்தார். கடைசியில், அந்த மன்றத்தில் எவரும் கேட்டிராத ஒன்று கேட்டது. அவர் சிரித்தார்.

"தகப்பன் பெயர் நிச்சயமில்லாதவரால் நாட்டை ஆள முடிந்திருக்கிறது," என்றார். "அப்படிப்பட்டவர் ஓர் அறையில் குடியிருக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சட்டம் செல்லாது. இடம் போதாதென்றால் நெருங்கி இருப்போம்."

அன்று மாலை வேர்வாசலின் இரண்டு கதவுகளும் சுவரோடு சாயத் திறந்து கிடந்தன. படகுக்காரர்கள் பானை, வலை, பிள்ளை குட்டிகளோடு சேற்றில் இறங்கி ஓடி வந்தார்கள். தர்மினி அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடினாள். வாய்விட்டு அழுதாள், அதே வாயால் சிரிக்கவும் செய்தாள். யார் பார்த்தால் என்ன?

நிமலன் வாசலுக்கு வெளிப்பக்கமே தயங்கி நின்றுகொண்டிருந்தான். "எங்கட ஆக்கள் ஆரெண்டு இப்பவும் எனக்குத் தெரியாதே," என்றான்.

"அரசனுக்கே தெரியாதாம். வாரும், குளிருது," என்று அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள் தர்மினி.