விரைவில் வருகிறது: கூப்பிடும் அதிசயம்

கூடாரத்தின் முடிச்சுகள் உள்பக்கம் போயிருந்தன.

இங்கிலீஷ் வருஷப் பிறப்பன்று சாயங்காலம், கார்னிவல் கேட் திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கையில், தொண்டைக்கு இதமாக அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்த ஸ்தனிஸ்லாஸ், அந்தக் கறுப்புக் கித்தான் கூடாரத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தான். முன்பக்கத்து மடிப்புகள் இரண்டையும் சேர்த்து, மேலிருந்து கீழ்வரை கயிறு கோத்து, கூடாரம் போடுகிற மெஹபூப் அலி தினமும் வெளியிலிருந்துதான் முடிச்சுப் போடுவான். இன்றைக்குக் கயிற்றின் வளையங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு இழுத்து இறுக்கிக் கட்டிய மாதிரி இருந்தது. ஆனால் அந்தக் கூடாரத்துக்குள் யாரும் கிடையாது, எதுவும் கிடையாது. அதைக் கட்டியதே காலியாக இருப்பதற்காகத்தான்.

அது அய்யாதுரையின் கம்பெனி வழக்கம். உலகச் சண்டை முடிந்து வந்த இரண்டாவது கிறிஸ்மஸுக்குத் தேனாம்பேட்டையில், மவுண்ட் ரோடை ஒட்டிய மைதானத்தில் அவர் கார்னிவல் போட்டிருந்தார். ராட்சத ராட்டினம், மரணக் கிணறு, வளையம் எறிதல் என்று மயிலாப்பூரும் மாம்பலமும் குடும்பம் குடும்பமாக வந்து பார்த்துவிட்டுப் போயின. ஒருதரம் பார்த்தவன் மறுபடி வரவேண்டுமே? அதற்காக எந்த ஊரில் மைதானம் பிடித்தாலும் ஒரு காலிக் கூடாரம் நிற்கும். அதன் முன்னால் ஒரு பலகை. இந்தத் தடவை பலகையில், 'விரைவில் வருகிறது! கூப்பிடும் அதிசயம்!' பொங்கல் முடிந்து மூட்டை கட்டும்போது, அதிசயத்தை ஏற்றி வந்த கப்பல் கொழும்பிலேயே தங்கிவிட்டது என்று சொல்லிவிட்டால் போயிற்று. ஜனங்கள் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்த அதிசயம் என்ன என்று அய்யாதுரைக்கே தெரியாது. அதை உண்டாக்குவது ஸ்தனிஸ்லாஸின் வாய். கேட்டுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மேடை, அதன் மேல் தகர மெகாபோனும் அவனும். சாந்தோம் கோயில் பாட்டுக் குழுவில் வளர்ந்த குரல். காசு கொடுத்து வருகிறவர்களையே கிழித்துத் தோரணம் கட்டும் நாக்கு. மொட்டைத் தலையைக் கண்டால், "ஐயா, அந்த விளக்கை அணையுங்கள், கண் கூசுகிறது!" என்பான். கால் விந்துகிறவரைக் கண்டால் அவர் மாதிரியே மேடையில் நடந்து காட்டுவான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அடிபட்டவரும் சேர்ந்து சிரித்தாக வேண்டும். ஜனங்களைப் போல முட்டாள்கள் எங்கும் கிடையாது என்பது அவனுடைய தீர்மானமான எண்ணம். அந்த எண்ணம்தான் அவனுக்குச் சோறு போட்டது.

ஆனால் அவனுக்கு ஒரு வியாதி உண்டு. நேற்றுச் சொன்னதையே இன்றைக்கும் சொல்ல வராது. கைதட்டல் கொஞ்சம் குறைந்தால் நாக்கு தானாக ஒரு படி மேலே ஏறிவிடும். முதலில், அது குழந்தை அளவுதான் இருக்கும் என்றான். அப்புறம், அதற்குக் கண் கிடையாது, பால்தான் குடிக்கும் என்றான். நாம் பத்து மூச்சு விடுவதற்குள் அது ஒரு மூச்சு விடும் என்றான். கூட்டம் நெளிய ஆரம்பித்த ஒரு நாள், "உங்களுக்கு யார் உயிரோ, அவர் குரலில் உங்களைக் கூப்பிடும்!" என்று போட்டான் ஒரு போடு. நேற்று அதையும் தாண்டிவிட்டான். "நாளை வருஷப் பிறப்பு! விளக்கு எரிந்ததும் கூடாரம் திறக்கும்! முதலில் கூப்பிடுவது ஒரு குழந்தையை! தாய்மார்களே, பிள்ளைகளை இடுப்பை விட்டு இறக்காதீர்கள்!" மைதானமே அதிர்ந்தது. அய்யாதுரை மேடை ஏறி வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

இப்போது அவன் அந்தக் கித்தானை ஒட்டி நின்றான். ராட்டினத்துக்குப் போடும் எண்ணெயின் வாடையும், சுண்டல் தாளிக்கிற வாடையும், காலைத் தூறலில் நனைந்த மண்ணின் வாடையும் கலந்து தேங்கிக் கிடந்த அந்தப் புழுக்கத்தில், கயிற்றுக் கண்களின் வழியாக, கைக்குழந்தை கக்கியதைத் துடைத்து அப்படியே மூலையில் போட்டுவிட்ட துணியின் புளித்த பால் நாற்றம், மெல்ல ஒருதரம் வந்து நின்று, மறந்துவிட்டோம் என்று நினைக்கிற அளவுக்கு நேரம் கழித்து, இன்னொரு தரம் வந்தது. ஏன் விட்டு விட்டு வருகிறது? அவன் கித்தானைப் பார்த்தான். ஒரு இலைகூட அசையவில்லை. கித்தான் மட்டும் மெல்ல வெளியே புடைத்தது. அப்படியே நின்றது. பிறகு உள்ளே வாங்கியது. அவன் தன் மூச்சை எண்ணிப் பார்த்தான். பத்து. எண்ணியிருக்க வேண்டாம்.

"அண்ணே, நீங்களா இத்தை உள்ள இஸ்து கட்டினது?"

தூக்கிவாரிப் போட்டது. பின்னால் மெஹபூப் அலி, கூடாரம் அடிக்கிற சுத்தியலோடு நின்றிருந்தான்.

"கயிறு கட்றது உன் வேலைடா. என்னைக் கேக்கிறியே?"

"நேத்து வெளியதான் கட்டிக்கினு போனேன். காலைல பாத்தா இப்டி கீது." மெஹபூப் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, எங்கம்மா கூப்ட்டாங்க."

"எங்கேருந்து?"

மெஹபூப் கையை நீட்டவில்லை. முகவாயை மட்டும் கூடாரத்தின் பக்கம் அசைத்தான். "அவங்க மௌத்தாயி, மண்ணுல வெச்சு எத்தினியோ வருசம் ஆச்சு. சின்னப் புள்ளைல கூப்புடுவாங்களே, அந்தப் பேரு. அது இங்க யாருக்கும் தெரியாது அண்ணே. நான் அத்தப் பாத்து போய்க்கினே இருந்தேன். மொதலாளி கத்தினாரு, அதான் நின்னேன்."

"ராத்திரி தூங்கினியாடா நீ?" என்று சிரித்தான் ஸ்தனிஸ்லாஸ். அந்தச் சிரிப்பு அவனுக்கே பிடிக்கவில்லை.

மெஹபூப் சிரிக்கவில்லை. "சாய்ந்தரம் உங்க புள்ள வர்தா அண்ணே?" என்று கேட்டான்.

மர்சலின்.

அவளுக்கு ஆறு வயது. ஒருதரம் அவன் மேடையில் நின்று மனிதரைத் தின்கிற பெண்ணைப் பற்றி முழங்கியபோது, கீழே நின்ற அவள் பாவாடையை நனைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். அன்றைக்கு அவன் இறங்கி ஓடி, மண்ணில் மண்டி போட்டு அவள் காதோடு சொன்னான்: "மேல நின்னுக்கினு அப்பா சொல்றதெல்லாம் பொய்டா கண்ணு. கீழ வந்து சொல்றதுதான் நெசம்." அதுவே வீட்டில் விளையாட்டாகிவிட்டது. லஸ் பக்கத்து வாடகை வீட்டில் அவன் முக்காலி மேல் ஏறி, "மர்சலினுக்கு இன்று பெப்பர்மிண்ட் கிடையாது!" என்று முழங்குவான். அவள் ஓடி வந்து சட்டைப் பைக்குள் கை விடுவாள். "கிட்டே வராதே!" என்பான். வந்து காலைக் கட்டிக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் டீச்சரான அவன் மனைவி ஃப்ளோரன்ஸ், "நல்ல பாடம் சொல்லிக் குடுக்கறீங்க புள்ளைக்கு" என்று சொல்லிக்கொண்டே தானும் சிரிப்பாள். ஊரையே ஏமாற்றினவன் அந்த ஒரு குழந்தையை ஏமாற்றியதில்லை. அவள்தான் அவனுக்கு எல்லாம்.

காலைப் பூசைக்குத் தைத்த மஞ்சள் கவுனோடு சாயங்காலம் அவளைக் கார்னிவலுக்கு வரச் சொல்லியிருந்தான். நேற்றுச் சொன்னான். கீழே நின்று.

ஓடினான். அய்யாதுரை டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கூட்டத்தைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார்.

"மொதலாளி, அந்தக் கூடாரத்தைப் பிரிச்சுடலாம். இப்பவே."

"கப்பல் வரலன்னு சொல்லுதது பொங்கலுக்குல்லாவே? வரிசையப் பாத்தீரா, ரோடு வரைக்கும் நிக்கி."

"உள்ள இன்னாவோ கீது மொதலாளி."

அய்யாதுரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "இதத்தாம்வே மேல நின்னு சொல்லணும். இதே மூஞ்சியோட சொல்லும்!"

கேட் திறந்துவிட்டது. உள்ளே பாய்கிற கூட்டத்தில் ஃப்ளோரன்ஸை எங்கே தேடுவது? மேடையில் ஏறினால் கண்ணில் படுவார்கள், குரலும் எட்டும். வேறு எதுவும் தோன்றவில்லை. ஏறினான்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இன்றைக்கு எதுவும் கிடையாது! எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்!"

கூட்டம் ஹோவென்று சிரித்தது.

"அந்தக் கூடாரத்துக்கிட்டப் போவாதீங்க! நெசமாத்தான் சொல்றேன்! உள்ள இன்னா கீதுன்னு எனக்கே தெரியாது!"

"இன்னா ஆக்டு நைனா!" என்று ஒருவன் விசிலடித்தான். மெகாபோன் பிடித்த கை வெடவெடவென்று நடுங்கியது. போன வாரம் அவனிடம் அடிபட்ட மொட்டைத் தலைக்காரர் மேடைக்குக் கீழேயே நின்று, தன் கையை அதே மாதிரி நடுங்க வைத்துக் காட்டினார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டிக்கெட் ஜன்னலில் நெரிசல் கூடியது. அவன் அழ அழ இன்னும் கூடியது.

அப்போது மஞ்சள் தெரிந்தது.

அந்தப் பக்கம். கூட்டத்துக்கு அப்பால், கறுப்புக் கூடாரத்துக்கு எதிரே. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, தலையில் மஞ்சள் ரிப்பன்.

"ஃப்ளோரன்ஸ்! அவளைத் தூக்கிக்கினு ஓடு!"

ஊரே திரும்பிப் பார்த்தது. ஃப்ளோரன்ஸ் வெட்கத்தோடு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். குடும்பத்தையுமா சந்திக்கு இழுப்பார் இந்த மனுஷர்!

"மர்சலின்! அங்க நிக்காதே! கூடாரத்துக்கிட்டப் போவாதே!"

மர்சலின் முகம் மலர்ந்தது. அவளுக்கு இந்த விளையாட்டு தெரியும். கூடாரத்தை நோக்கி ஓரடி வைத்தாள்.

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. மேலே நிற்கிறான். அவன் இங்கிருந்து என்ன சொன்னாலும் பொய்.

மெகாபோனை வீசினான். படிக்கு ஓடினான். படி முழுக்க ஆட்கள், மேடையைச் சுற்றியும் ஆட்கள். "எங்க போற? இன்னும் சொல்லு!" தள்ளினார்கள். மறுபடி பாய்ந்தான். மறுபடி தூக்கி மேலே விட்டார்கள். கத்தினான். "நெசம்டா கண்ணு! இது நெசம்!" குரல் பிளந்தது. அதற்கப்புறம் காற்றுதான் வந்தது. கால்களுக்கிடையே தலையை நுழைத்துப் பார்த்தான். முழங்கால்கள். செருப்புகள். சிரிப்பு.

டைனமோ உறுமியது. விளக்குகள் எரிந்தன.

மைதானம் அடங்கியது.

"மர்சலின் கண்ணு."

மெதுவான குரல். மேடைக் குரல் இல்லை. வீட்டுக் குரல். மண்டி போட்டுக் காதோடு பேசுகிற குரல். தரையிலிருந்து வந்தது.

அவனுடைய குரல்.

"அப்பா கீழ வந்துட்டேன்டா. வா."

அவன் துள்ளி எழுந்தான். தலைகளுக்கு மேலே ஃப்ளோரன்ஸின் முகம் தெரிந்தது. அவள் மேடையைப் பார்க்கவில்லை. புருஷன் இறங்கிவிட்டார் என்ற நிம்மதியோடு கூடாரத்தைப் பார்த்துச் சிரித்தாள். குனிந்து குழந்தையிடம் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. உதடு தெரிந்தது. அப்பா கூப்டறாரு, போ.

கையை விட்டாள்.

கித்தானின் அடியில் ஒரு சின்ன இடைவெளி. குழந்தை நுழைகிற அளவு. மஞ்சள் ஓடியது. குனிந்தது. ரிப்பன் ஒருகணம் தெரிந்தது.

மூடிக்கொண்டது.

கைதட்டல் எழுந்தது. மொட்டைத் தலைக்காரர் தட்டினார். அய்யாதுரை தட்டினார். ஃப்ளோரன்ஸும் தட்டினாள். மெஹபூப் அலி மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறந்தான். சத்தமில்லை.

கித்தான் உள்ளே வாங்கியது. நெடுநேரம் அப்படியே இருந்தது. பிறகு புடைத்தது. உள்ளேயிருந்து ஒரு கை பதிந்தது. சின்ன உள்ளங்கை. ஐந்து விரலும் தெளிவாக. பெரிய ஆள் எட்டினாலும் எட்டாத உயரத்தில். அதன் பக்கத்தில் இன்னொரு சின்னக் கை. அதற்கும் மேலே இன்னொன்று.

"அப்பா."

அவள் குரல்.

"அப்பா, கீழ எறங்கி வாங்க."

படியில் நின்றவர்கள் இப்போது வழி விட்டார்கள். கூட்டம் சிரித்துக்கொண்டே இரண்டாகப் பிரிந்து, மேடையிலிருந்து கூடாரம் வரை அவனுக்குப் பாதை விட்டது. அந்தப் பாதையின் கடைசியில், கறுப்புக் கித்தானில், மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வளையமாகக் கயிறு உள்ளே உருவிக்கொண்டு போயிற்று.