இடது விலா

இடது விலாவில் யாரோ முழங்கையால் இடித்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் மூச்சை வாரி இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "நிம்மதியா தூங்க விடமாட்டியா?" என்று எரிந்து விழுந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம் படுப்பவள் செத்து எட்டு மாதமாகிறது.

இருபத்தேழு வருடம் அதுதான் அவளுக்கு வேலை. குறட்டை சட்டென்று நின்று அறை அமைதியானால், "என்னங்க, மூச்ச விடுங்க" என்று ஒரு இடி. அவர் புரண்டு படுத்துக்கொள்வார். அவள் அடுத்த இடிக்காக விழித்துக் கிடப்பாள். "எம் பொண்டாட்டிக்கு டெய்லி நைட் டியூட்டி" என்று நாலு பேர் கூடிய இடத்தில் சொல்லிச் சிரிப்பார். கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு அவளும் சிரிப்பாள். ஒரு காலையில் அடுப்படியிலேயே சரிந்தாள். மாரடைப்பு.

விளக்கைப் போட்டார். மின்விசிறி கடகடத்துச் சுற்ற, ஜன்னல் திரை மெல்ல உப்பித் தணிய, பக்கத்தில் விரிப்பு ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடக்க, எத்தனையோ முறை துவைத்துவிட்ட அந்தத் தலையணையிலிருந்து அவள் நெற்றியில் தேய்க்கும் தைலத்தின் வாசனை மட்டும் வந்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தார். விலாவில் காசளவுக்குச் சிவந்திருந்தது.

அவருக்கு அடிக்கடி நெஞ்சு வலிக்கிறது என்று தெரிந்ததும் மகள் விடாப்பிடியாக டாக்டரிடம் இழுத்துப் போனாள். ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு எகிறியிருந்தது. ஒரு ராத்திரி முழுக்க ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள்.

"எண்ணெயத் தொட்டு மாசக்கணக்காச்சு டாக்டர். அப்புறமும் கொழுப்பு ஏறுதே?"

"தூக்கத்துல மணிக்கு நாப்பது தடவ உங்க மூச்சு நிக்குது. ஒவ்வொரு தடவையும் ரத்தத்துல ஆக்சிஜன் இறங்குது. கெட்ட கொழுப்பு கூடுறதுக்கு அதுவும் ஒரு காரணம். எல்லாம் சேந்து இதயத்தத்தான் பதம் பாக்கும். மாத்திரை மட்டும் போதாது, மூச்சு நிக்காம காத்து தள்ளுற மிஷின் இருக்கு, அதோட மாஸ்க்க மாட்டித்தான் தூங்கணும். வீட்ல எழுப்பி விட ஆள் இருக்கா?"

"அவ இருக்கா," என்றார். மகள் அவர் முகத்தையே பார்த்தாள்.

மகள் வாங்கித் தந்த மிஷினோடு முதல் இரவு தூங்கினார். ஒரு இடி இல்லை. காலையில் தலை லேசாக இருந்தது. தலையணையில் தைல வாசனையும் இல்லை. இன்னொரு தடவை அவளைத் தூக்கிக் கொடுத்தது போல அழுகை வந்தது. மிஷினைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். மகள் போனில் கேட்டபோது, "மாட்டிக்கிட்டுதாம்மா தூங்குறேன்" என்று வாய் கூசாமல் சொன்னார்.

அவள் திரும்பி வந்தாள். ஆனால் இடி தாமதமாக வந்தது. ஒவ்வொரு இரவும் இன்னும் கொஞ்சம் தாமதம். விழிக்கும்போது உதடு மரத்திருக்கும், நெஞ்சு தறிகெட்டு அடிக்கும். நேற்று முழங்கை விலாவில் பட்டு, வலுவில்லாமல் அப்படியே சாய்ந்தது. பக்கத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

குனிந்து கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டியைப் பார்த்தார். நாளையிலிருந்து மாஸ்க் மாட்டிவிட வேண்டியதுதான். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் அவள் இருக்கட்டும்.

அன்று இடி இல்லாமலே விழிப்பு வந்தது. உடம்பு அசையவில்லை. மூச்சு தொண்டையில் நின்றிருந்தது, இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட லிஃப்ட் மாதிரி. காதுக்குள் ரத்தம் இரைந்தது. கட்டிலுக்கு அடியில் பெட்டி. கை எழவில்லை.

இடிப்பாள். இதோ, இப்போது இடிப்பாள். இருபத்தேழு வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை.

முழங்கை விலாவில்தான் இருந்தது. கனமாக. அசையாமல்.

தைல வாசனை. இருட்டு. எழுப்புடி. குரல் வரவில்லை.

பக்கத்துத் தலையணையிலிருந்து மெல்ல, சீராக, ஆழ்ந்த தூக்கத்தின் குறட்டை எழுந்தது.