நாளை மறுநாள் வரவிருக்கும் காய்ச்சல்

காற்றிலிருந்து தண்ணீர் பிடிக்கும் கருவிகள் செய்யும் மதுக்கரை பனிவாங்கித் தொழிற்சாலையில் அன்று காலையும் ஒருவர்கூட விடுப்பு கேட்கவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஜலதோஷக்காரர்கள் மூக்கை உறிஞ்சியபடி வந்திருந்தார்கள். முந்தாநாள் கல்யாணமான பெண் மருதாணி கலையாத கையோடு திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். மனிதவள அதிகாரி திருமூர்த்தி வருகைத் திரையைப் பார்த்தார். வேறொரு அதிகாரியாக இருந்தால் மீசையை முறுக்கியிருப்பார். திருமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எல்லாம் வாசலில் நின்ற மெய்காணியின் உபயம். ஆளுயர இயந்திரம், கண்ணாடி முகம். விடுப்பு வேண்டியவர் அதன் முன்னால் நின்று காரணத்தைச் சொல்ல வேண்டும். குரலின் நடுக்கம், கன்னத்தின் ரத்த ஓட்டம், கண்மணி விரிகிற வேகம் எல்லாவற்றையும் அது கணத்தில் எடைபோடும். சொன்னது உண்மையென்றால் பச்சை, பொய்யென்றால் சிவப்பு. பச்சை எரிந்தால் எந்தக் காரணமானாலும் விடுப்பு உண்டு, யாரும் மறுக்க முடியாது. உலகத்தில் நடப்பது எதுவும் மெய்காணிக்குத் தெரியாது. பேசுகிறவர் தான் சொல்வதைத் தானே நம்புகிறாரா என்பது மட்டும் தெரியும். எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது தலைமையகத்தின் கொள்கை என்பதால், சொன்ன காரணம் அப்படியே உணவுக்கூடத்து ஒளிப்பலகையில் ஓடும்.

மூன்று வருடங்களுக்கு முன் அது வந்தபோது முதல் வாரம் ஒரே கொண்டாட்டம். “வேலைக்கு வரப் புடிக்கலைங்க” என்றான் ஒருவன். பச்சை. “மத்தியானம் வரைக்கும் தூங்கோணும்” என்றாள் ஒருத்தி. அதற்கும் பச்சை. இரண்டாவது வாரம் ஒரு பையன், “ஃபோர்மேன் மூஞ்சிய ஒரு நாளாவது பாக்காம இருக்கோணும்” என்றான். அது நாள் முழுக்கப் பலகையில் ஓடியது. மறுநாள் ஃபோர்மேன் வந்து நின்று, “அதைப் படிச்சதுல இருந்து சோறு எறங்கலை” என்றார். அவருக்கும் பச்சைதான். அதற்குப் பிறகு அந்த இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒவ்வொருவராக விடுப்பு கேட்பதை நிறுத்தினார்கள். நூறு சதவீத வருகைக்காகத் தலைமையகம் ஒரு கேடயம் அனுப்பியது. அதைத் துடைத்து வைப்பதும் திருமூர்த்தியின் வேலையாயிற்று.

அவருடைய அலமாரியின் அடித்தட்டில் பேப்பர் காலத்து விடுப்பு விண்ணப்பங்கள் இருந்தன. அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தும் அவருக்கு மனசு வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு தாள் எடுத்துப் படிப்பார். அந்தக் கையெழுத்துகளைப் பார்த்தாலே ஆட்கள் எதிரே வந்து நிற்பார்கள். மாரப்பனின் பெரியப்பா ஒரே வருடத்தில் மூன்று முறை இறந்தார். மூன்றாவது முறை, “எந்தப் பெரியப்பாப்பா?” என்று கேட்டதற்கு, “அவரேதானுங்க சார், இந்த வாட்டி உறுதி” என்றான். ஃபிட்டர் தங்கமுத்துவுக்குப் புதுப்படம் வருகிற வெள்ளிக்கிழமைகளில் கண்வலி. திங்களன்று கறுப்புக் கண்ணாடியோடு வந்தவரிடம், “எப்படி இருந்துது?” என்று கேட்டால், “ரெண்டாவது பாதி இழுவைங்க” என்பார். இன்னொருவன், ‘எனக்கு நாளை மறுநாள் காய்ச்சல் வர இருப்பதால்’ என்று எழுதி, ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

அத்தனையும் பொய் என்று திருமூர்த்திக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். காய்ச்சல் என்றால், ஏதோ இருக்கிறது, என்னவென்று கேட்காதீர்கள் என்று அர்த்தம். அவர் போடும் கையெழுத்துக்கு, கேட்கவில்லை, போய்வா என்று அர்த்தம். அந்த ஏற்பாட்டில் இருபத்து மூன்று வருடம் ஒரு தொழிற்சாலை சண்டை சச்சரவில்லாமல் ஓடியதே என்று நினைத்தபடி தாள்களை மறுபடி அடுக்கி வைப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சுருள் சுற்றும் பிரிவிலிருந்து சுகன்யா வந்தாள். பதினெட்டு வருட ஊழியர், அதிர்ந்து பேசாதவள்.

“சார், ரெண்டு நாள் லீவு வேணுங்க.”

“வாசல்ல சொல்லுங்கம்மா, உடனே கிடைச்சிருமே.”

“அங்க சொல்ல முடியாதுங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்.”

அவளுடைய ஒரே மகள் இரண்டு வருடங்களுக்கு முன் தன் விருப்பப்படி ஒரு பாலக்காட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் பேரே இந்த வீட்டில் கேட்கக்கூடாது என்று அப்பா சபதம் போட்டுவிட்டார். இப்போது வியாழக்கிழமை பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பையன் வீட்டிலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

“மொதப் பிரசவம் சார். பக்கத்துல ஒரு பொம்பள இல்லாம எம் புள்ள என்ன பண்ணுவா? வாளையாறு தாண்டுனா பாலக்காடு. கண்ணுக்கெட்டுற தூரத்துல கெடக்குறா, போக முடியலீங்க. பலகையில ஓடுனா அவரு பாத்துருவாரு. அப்புறம் வீடு வீடா இருக்காதுங்க.”

அவர் என்பது அவள் புருஷன் ராக்கியப்பன். அதே தொழிற்சாலையில் உலைப் பிரிவு. திருமூர்த்தி விடுப்பு கொடுக்கும் அதிகாரத்தை இழந்து மூன்று வருடமாகிறது. சொல்லாமல் ஒரு நாள் நின்றால் மறுநாள் வாசல் திறக்காது, வேலை போனது போனதுதான். “யோசிக்கிறேம்மா” என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை காலை கதவை லேசாகத் தட்டிவிட்டு ராக்கியப்பன் உள்ளே வந்தார். உலைச் சூட்டில் கறுத்த முகம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“ரெண்டு நாள் லீவு வேணுங்க சார். வாசல்ல சொல்ல முடியாதுங்க. என்ற சம்சாரத்துக்குத் தெரியக்கூடாது.”

“என்ன விஷயம் ராக்கியப்பன்?”

“பொண்ணுக்கு நாளைக்குப் பிரசவமுங்க. மாப்பிள்ள தகவல் அனுப்பிச்சாரு.” மாப்பிள்ளை என்ற சொல் தன் வாயிலிருந்து வந்ததில் அவரே திடுக்கிட்டது தெரிந்தது. “ஊரே கேக்கச் சத்தம் போட்டுச் சபதம் பண்ணுனவனுங்க நான். புள்ளயப் பாக்க அழுதுட்டுக் கெடந்தவள அடக்கி வெச்சவன். இப்ப நானே போறேன்னு தெரிஞ்சா அவ மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்? தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துர்றேன்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனபின் திருமூர்த்தி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒருவர் சொன்னதை மற்றவர் காதில் போட்டால் முடிந்தது. ஆனால் அந்த அறையில் நம்பிச் சொன்னது எதையும் அவர் வெளியே கொண்டுபோனதில்லை. அதில் மட்டும் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. பேப்பர் காலமாக இருந்திருந்தால் ஒருவருக்குக் காய்ச்சலும் இன்னொருவருக்கு மூட்டுவலியும் வந்திருக்கும். இரண்டிலும் கையெழுத்துப் போட்டிருப்பார். மிச்சத்தை ஆஸ்பத்திரி வாசல் பார்த்துக்கொண்டிருக்கும்.

விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். மெய்காணி பழுதானால் காகித விண்ணப்பம் செல்லும் என்று ஒரு விதி இருந்தது. ஆனால் அதிகாரிகள் பழுது என்று கதை கட்டிவிடக் கூடாதே. அதனால், பழுது என்பதை மெய்காணியின் முன்னால் நின்றே சொல்லிப் பச்சை வாங்க வேண்டும் என்று இருந்தது. பழுது நீங்கியது என்பதையும் அப்படியே சொல்ல வேண்டுமாம். எந்தப் புத்திசாலி எழுதினானோ.

திருமூர்த்தி எழுந்து வாசலுக்குப் போனார். அவர் பொய் சொல்லத்தான் போனார். மெய்காணியிடம் அவர் பொய் பலித்ததில்லை. முதல் மாதம் பல்வலி என்று சொல்லிச் சிவப்பு வாங்கி, அதுவும் பலகையில் ஓடி மானம் போயிருந்தது. இந்த முறை சிவப்பு எரிந்தால் விசாரணை வரும், வேலையும் போகலாம். போகட்டும் என்றுதான் நின்றார்.

கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் மனசில் இருப்பது ஒன்றேதான். இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இதற்குப் பயந்து ஒளிகிறார்கள். உண்மையைச் சொல்ல விடாத உண்மை இயந்திரத்தை வேறு என்னவென்று சொல்வது? அவருக்குக் கோபம் கோபமாக வந்தது.

“மெய்காணி பழுதாகிவிட்டது” என்றார்.

பச்சை எரிந்தது. பிறகு, விதிப்படி, அதன் எல்லா விளக்குகளும் அணைந்தன.

பத்து நிமிடத்தில் தலைமையகத்திலிருந்து இயக்குநர் வர்ஷினி திரையில் வந்தாள். முப்பத்தோரு வயது. மெய்காணியை வாங்கும் யோசனையே அவளுடையதுதான்.

“சார், நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? அது பழுதுன்னு அதுவே பச்சை போட்டிருக்கு. அது சொல்றது சரின்னா, அது பழுது. தப்புன்னா, தப்பாப் பச்சை போட்டிருக்கு, அப்பவும் பழுது. நாங்க எதை நம்பறது?”

“எனக்கும் தெரியலீங்க மேடம். விதிப்படி காகிதம் வாங்கிக்கிறேன்.”

மூன்று மணிக்குச் சுகன்யாவின் தாள் வந்தது. கடுமையான காய்ச்சல். மூன்றரைக்கு ராக்கியப்பனுடையது. முழங்கால் வீக்கம். பேனாவில் மை கட்டிப்போயிருந்தது. உதறி உதறி இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலை சுகன்யா ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். “காய்ச்சல் தேவலைங்க சார்.” அரை மணி கழித்து ராக்கியப்பன் வந்து, அதே கடைப் பொட்டலம் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“ஒரே கடையா?” என்றார் திருமூர்த்தி.

“வரும்போது ஒரே பஸ்ஸுங்க. பேரன் பொறந்திருக்கானுங்க சார். மூக்கு அப்படியே என்ற மூக்கு.”

அன்று மத்தியானம் பொறியாளர் ஒருவர் வந்து மெய்காணியை அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. பூட்டி, அதன் முன்னால் நின்று, “மெய்காணி சரியாக இயங்குகிறது” என்றார். சிவப்பு. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னார். சிவப்பு. ஃபோர்மேனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார், அதற்கும் சிவப்பு. அவர் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காத அந்தப் பையனும் சொல்லிப் பார்த்தான். சிவப்பு எரிந்ததும் ஃபோர்மேன் சிரித்துவிட்டார், அவனும் சிரித்தான்.

கடைசியில், “நான் சொல்றேன், இணைப்புக் கொடுங்க” என்று வர்ஷினியே திரையில் வந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். மெய்காணி அவள் கன்னத்தையும் கண்ணையும் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் பார்த்தது. சிவப்பு.

திருமூர்த்தியைத் தவிர எல்லாரையும் போகச் சொன்னாள்.

“சார், நானும் மூணு வருஷமா லீவே எடுக்கல. இங்க எங்களுக்கும் ஒண்ணு வாசல்ல நிக்குது.” குரல் தாழ்ந்திருந்தது. “பேப்பர்ல எழுதறதுன்னா எப்படி எழுதணும்? நான் எழுதினதே இல்ல.”

“அனுப்புநர், பெறுநர்னு போட்டு ஆரம்பிங்க மேடம். ரெண்டு வரி போதும்.”

“காரணம்?”

“காய்ச்சல்னு எழுதுங்க.”

“எனக்குக் காய்ச்சல் இல்லையே சார்.”

“யாருக்கும் இருந்ததில்லீங்க மேடம்” என்றார் திருமூர்த்தி.