ஏழாம் குழிக்குத் தண்ணீர்

காலை ஆறு மணிக்குக் குவிமாடத்தின் வாசலில் செருப்பின் அடிப்பாகத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துக் காட்ட வேண்டும். வெளிமண் ஒரு பொட்டுகூட உள்ளே வரக்கூடாது. பிறகு கையில் உப்புக்குடுவை தருவார்கள். வெளியே வெயிலில் குடியிருக்கும் தற்காலிக ஆட்களுக்கென்று உப்பு கலந்த குடிநீர், இரண்டு லிட்டர். ஒரு லிட்டரை நான் குடிப்பேன். மற்றது என் மகள் மகிழ்மொழிக்கு. ஒரு வருடமாக என் பிழைப்பு இதுதான்.

வெளியே ஐம்பத்தொரு டிகிரி. உள்ளே கோல்ஃப் மைதானப் புல்லுக்கு இதமாக இருபத்தாறு. அறுவைச் சிகிச்சை வரைக்கும் எல்லா வேலையையும் இயந்திரங்கள் எடுத்துக்கொண்ட பிறகு, மனிதர்களை வேலைக்கு வைப்பது கோல்ஃப் மைதானம் ஒன்றுதான். கோயம்புத்தூர்ச் சுவர்களில் எல்லாம் ‘மூன்றே மாதத்தில் கோல்ஃப் பட்டயம், வேலை நிச்சயம்’ என்ற விளம்பரம். பையைச் சுமக்கவும், கோணல் அடிக்கும்கூட ‘நல்ல ஷாட்டுங்க’ என்று சொல்லவும் பணக்காரர்களுக்கு மனிதர்கள்தான் வேண்டும்போல என்று நினைத்து மட்டைத்துணையாகச் சேர்ந்தேன். என்னைப் போன்ற ஏமாந்த சோணகிரிகள் ஊருக்குள் நிறையப் பேர்.

வேலை நிரந்தரமானால் குடும்பத்தோடு குவிமாடத்துக்குள்ளேயே குடியிருப்பு. மகிழுக்கு ஏழு வயது. போன கோடையில் இரண்டு முறை மயங்கி விழுந்தாள். அடுத்த கோடையைத் தாங்க மாட்டாள் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். நிரந்தரத் தேர்வுக்கு ஒரே நிபந்தனைதான் சொல்லியிருந்தார்கள்: ஒரு வருடத்தில் என் பொறுப்பில் ஒரு பிடிப் புல்கூடக் காயக்கூடாது.

தேர்வுக்கு முந்தின நாள், ஏழாம் குழிக்கு அருகே ஆட்டக்காரர் ஓங்கி அடித்ததில் பந்து நகரவில்லை. உள்ளங்கை அகலத்துக்குப் புல்தான் மண்ணோடு பெயர்ந்து பறந்தது. அவர் சிரித்துக்கொண்டே அடுத்த மட்டையைக் கேட்டார். நான் ஓடிப்போய்ப் பெயர்ந்த புல்லை எடுத்து வந்து, பள்ளத்தில் பொருத்தி, காலால் மிதித்து அமுக்கினேன். மணிக்கட்டில் இருந்த, புல்வேரின் ஈரத்தை அளக்கும் வேர்மானி சிவப்பு காட்டியது. மகிழுக்கென்று வைத்திருந்த தண்ணீரை அப்படியே அதன்மேல் கவிழ்த்தேன்.

குடுவை காலியான பிறகுதான் உறைத்தது. அது உப்புத் தண்ணீர். புல்லுக்கு விஷம்.

மறுநாள் காலை அந்த இடம் மஞ்சளாகியிருந்தது. கண்காணிப்பாளர் ரத்தினசாமி கூப்பிட்டனுப்பினார். போய் நின்றேன். அவர் திரையில் நான் தண்ணீர் ஊற்றும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

“ஏனுங் அம்மிணி, அந்தத் தண்ணி யாருக்கு வெச்சிருந்தீங்க?”

“புள்ளைக்குங்க.”

“வீட்ல வேற தண்ணி இருந்துதுங்களா?”

“இல்லீங்க. தப்புதானுங்க. உப்புங்கறதே நெனப்புல இல்லீங்க. புள்ள மொகத்துக்காகவாச்சும் மன்னிச்சு உடுங்க.”

அவர் சிரித்தார். “புல்லு கெடக்குது உடுங்க, நாளைக்கு வேற பதிச்சுக்கலாம். புள்ளைக்கு வெச்ச தண்ணிய ஊத்தறப்ப நீங்க ஒரு நொடிகூட யோசிக்கலீங்க. இந்த மாதிரி ஆளத்தான் நாங்க தேடறோம். நீங்க இன்னைலருந்து நிரந்தரம். நீர்ப்பங்காளர் வேலை.”

அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டேன். என்ன வேலை என்று அதற்கப்புறம்தான் விளக்கினார். மைதானத்துக்கும் பணியாளர் குடியிருப்புக்கும் ஒரே குழாய். இரண்டுக்கும் போதாத நாட்களில் ஒன்றை மூட வேண்டும். மனிதர் வசிக்கும் வீட்டுக்கு இயந்திரம் தண்ணீரை நிறுத்தக்கூடாது என்பது சட்டம். மனிதர் நிறுத்தலாம், அதைச் சட்டம் தடுக்கவில்லை.

“முன்னால இருந்தவருக்கு என்னாச்சுங்க?”

“பையனுக்குக் காச்சல்னு ஒரு மணி நேரம் வீட்டுப் பக்கம் தொறந்துட்டாப்ல. குடும்பத்தோட வெளிய அனுப்பியாச்சு.”

அன்று மாலையே என் கணவர் நாச்சிமுத்து மகிழைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். குளிர்ந்த காற்று பட்டதும் அவள் கூசிச் சிரித்தாள். “அம்மா, இங்க வேர்க்கவே இல்ல!” நெடுநாளைக்குப் பிறகு அவர் முகத்திலும் சிரிப்பைப் பார்த்தேன். வேலையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

ஒன்பது நாள் ஒரு பிரச்சினையும் இல்லை. பத்தாம் நாள் மதியம் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். குழாயில் அழுத்தம் இறங்கியது. திரையில் ஏழாம் குழி சிவந்தது. நான் என்ன செய்யலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

கைபேசி ஒலித்தது. மகிழ்தான்.

“அம்மா, குழாய்ல தண்ணி நின்னுருச்சு. இங்க அல்லா வீட்லயும் வரலியாம். அப்பா உன்னயக் கேக்கச் சொல்றாங்க, எப்ப வரும்?”

திரையைப் பார்த்தேன். ஏழாம் குழி பச்சைக்குத் திரும்பியிருந்தது. குடியிருப்பின் வால்வு மூடியிருந்தது. என் கட்டைவிரல் அந்த வால்வை மூடும் பொத்தானின் மேல்தான் இருந்தது. எப்போது அழுத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

“அம்மா?” என்றாள் மகிழ்.

விரலை எடுக்கப் பார்த்தேன். அது வரவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக என்னைக் கண்டே எனக்குப் பயமாக இருந்தது.