தாங்கள் குறிப்பிடும் நபருக்கு

காலையிலேயே கதவை இப்படி இடிப்பவர் பால்காரராக இருக்க முடியாது, சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும். பாப்பா அடுப்பைத் தணித்துவிட்டுப் போய்த் திறந்தாள். நாத்தனார் நின்றாள். மூட்டு வலியால் வாசல் படியிறங்கவே யோசிக்கிறவள், இரண்டு மாடி ஏறி வந்து சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா... உக்காருங்க, தண்ணி கொண்டு வரேன்..."

"உன் வீட்டுத் தண்ணி என் தொண்டையில இறங்குமாடி? நேத்து ரெண்டு பேர் வந்து என் சமையலறையில டேப்பு வெச்சு அளக்கறானுங்க. 'இந்தச் சுவரை இடிச்சுட்டா லாரி உள்ளே வந்துடும்'னு என் காதுபடவே பேசறானுங்க! யாருப்பா நீங்கன்னு கேட்டா, வீட்டை வாங்கினவங்களாம். நான் என் தம்பிக்கு இல்ல கொடுத்தேன்?"

குளியலறையிலிருந்து பாப்பாவின் கணவன் முகத்தில் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தான். ஊரில் அவனுக்கு 'அட்வான்ஸ்' என்றுதான் பெயர். வீடு வாங்குகிறேன் என்று முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொள்வான். கெடு முடிவதற்குள் கூடுதல் விலைக்கு ஓர் ஆளைப் பிடித்து, ஒப்பந்தத்தை அவர் பெயருக்கு மாற்றிவிட்டு, நடுவில் நிற்கிற லாபத்தோடு நகர்ந்துவிடுவான். ஊரில் பாதி வீடுகளை இப்படி 'வாங்கிய' மகாராஜன், குடியிருந்தது என்னவோ வாடகை வீட்டில்தான்.

"காலங்காத்தால கத்தாதக்கா. எல்லாம் சட்டப்படிதான் நடந்திருக்கு."

"கூடப்பிறந்தவ வயித்துல அடிக்கறதுக்குச் சட்டம் இருக்காடா?"

"நான் வீட்டை விக்கவே இல்லையே! வாங்கற உரிமை எனக்கு இருக்கு, அதைக் கிடங்குக்கு இடம் தேடின மருந்துக்கடைக்காரருக்கு மாத்திக் கொடுத்தேன். நீ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துலயே இருக்கு, 'தங்களுக்கோ, தாங்கள் குறிப்பிடும் நபருக்கோ'ன்னு. நான் அவரைக் குறிப்பிட்டேன். அவ்வளவுதான் விஷயம்."

நாத்தனார் தம்பியை ஒரு கணம் பார்த்தாள். அவனைத் திட்ட வாய் வரவில்லை. தாய் செத்தபோது இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்ட பிள்ளை அவன். அவனுக்காகவே கல்யாணமே வேண்டாமென்று, நர்ஸ் வேலையில் ராத்திரியும் பகலும் நின்று காலைத் தேய்த்தவள் அவள். திட்ட வேண்டியது இருக்கிறதே, யாரையாவது திட்டித்தானே ஆக வேண்டும்? பாப்பா பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் இவ வேலை! நான் ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் பார்த்து ஆளைக் கூட்டிட்டு வந்து ரூம் ரூமா காட்டினியாமே? டீ வேற போட்டுக் கொடுத்தியாமே!"

"அக்கா, பெயிண்டர்னு சொல்லித்தான் இவர் அனுப்பினார்... எனக்கு சத்தியமா..."

"நடிக்காதடி! ஜாடிக்கேத்த மூடி! நான் வக்கீலம்மாவைப் பார்க்கறேன், நாளைக்கு அங்கே வாங்க ரெண்டு பேரும்!"

பாப்பா பொய் சொல்லவில்லை. அந்தப் பெயிண்டரின் நகம் பளபளவென்று சுத்தமாக இருந்ததை அவள் கவனித்தாள்தான். ஆனாலும் கேட்கவில்லை. எந்தச் சுவருக்கு என்ன வர்ணம் என்ற யோசனையில் இருந்தவளுக்கு நகத்தைப் பற்றி என்ன கவலை? கல்யாணமான நாளிலிருந்து வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்த்தே வாழ்ந்தவள். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் ஊரார் கண்ணுக்கு அளவெடுக்கிறவளுக்குத் தன் வீட்டில் நடந்தது மட்டும் தெரியாமல் போயிற்று.

ஒப்பந்தம் எழுதிய அன்று நாத்தனார் வீட்டுக் கூடத்தில் மூன்றே பேர். சாட்சிக் கையெழுத்துக்காரர்கள் அப்புறம்தான் வந்தார்கள். "இது என்னடா, குறிப்பிடும் நபர்?" என்று அக்கா அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டாள். அவன் சிரித்தான். "வேற யாரு? பாப்பாதான். நாளைக்கு அவ பேர்லயே பதிவு பண்ணிடலாம். கீழ் ரூம் உனக்கு. கடைசி வரைக்கும் அவ உன்னைப் பார்த்துப்பா." பாப்பாவுக்கு வெட்கமும் சந்தோஷமும் தாங்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அக்கா பாதி விலைக்குக் கையெழுத்துப் போட்டாள்.

நாத்தனார் போன பிறகு அவன் சாவகாசமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"இதோ பாரு, வக்கீலம்மா ஏதாவது கேட்டா, 'எனக்கு ஞாபகம் இல்லை'ன்னு சொல்லிடு. வாயால பேசினதுக்கு உன்னைத் தவிர வேற சாட்சி கிடையாது."

"ஏங்க... எனக்கு வீடுன்னு சொன்னீங்களே... அதுவும் பொய்யா?"

"இது முடியட்டும். உனக்கு வேற வீடு பார்க்கலாம்."

"அக்காவுக்கு?"

அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "மாத்திச் சொன்னேன்னு வை, அப்புறம் இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்றான். வாடகை வீட்டு வாசப்படிக்கே இவ்வளவு அதிகாரம்!

மறுநாள் வக்கீலம்மாவின் அறையில் மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. வக்கீலம்மா வரச்சொல்லியிருந்த மருந்துக்கடைக்காரர் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். பாப்பா அவரை அடையாளம் கண்டுகொண்டாள். பெயிண்டர்!

வக்கீலம்மா ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு நாத்தனாரிடம் சொன்னாள்: "அம்மா, உள்ளதைச் சொல்றேன். ஒப்பந்தத்தைக் கைமாத்தறது சட்டப்படி தப்பில்லை. மாத்தக் கூடாதுன்னு இதுல எழுதலை. மாத்தலாம்னே எழுதியிருக்கு. வீட்டையே தன்னோடதுன்னு சொல்லி வித்திருந்தா தப்பு. இவர் தன் உரிமையைத்தான் கொடுத்திருக்கார்."

அட்வான்ஸ் கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

"ஆனா, பொய் சொல்லி நம்ப வெச்சுக் கையெழுத்து வாங்கியிருந்தா கதை வேற. ஒப்பந்தத்தையே ரத்து பண்ணச் சொல்லிக் கேட்கலாம். சொன்னதுக்குச் சாட்சி இருக்கா?"

"இவதான் இருந்தா. இவளைக் கேட்டு என்னங்க ஆகப்போகுது?" நாத்தனார் கசப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லோரும் பாப்பாவைப் பார்த்தார்கள். கணவன் இலேசாகத் தலையை அசைத்தான், வேண்டாம் என்று. இந்த மனிதனை விட்டால் அவளுக்குப் பிறந்த வீடும் கிடையாது, பிள்ளையும் கிடையாது. பயமாக இருந்தது, நிஜமாகவே பயமாக இருந்தது.

"சொன்னாருங்க" என்றாள். "அந்த நபர் நான்தான்னு சொன்னார். நான் அக்காவைக் கடைசி வரைக்கும் பார்த்துப்பேன்னு சொன்னார். நான் பக்கத்துலயே நின்னேன். நானும் நம்பினேன்... எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"ஏய்!" அவன் எழுந்துவிட்டான்.

மருந்துக்கடைக்காரரும் எழுந்தார். "எனக்குக் கோர்ட்டு வழக்கெல்லாம் வேண்டாம் சார். கிடங்குக்கு வேற இடம் பார்த்துக்கறேன். அந்த ஒப்பந்தத்தை நீங்களே வெச்சுக்கிட்டு என் காசைத் திருப்பிக் கொடுத்துடுங்க." அவர் போனதும் அட்வான்ஸ் காற்றுப் போன பந்தாகி நாற்காலியில் சரிந்தான். வக்கீலம்மா ரத்துப் பத்திரத்தை நீட்ட, மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான்.

போட்டுவிட்டு அழுதான். "அக்கா... என்னை மன்னிச்சுடுக்கா... புத்தி கெட்டுப் போச்சு..."

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். நாத்தனார் மூட்டு வலியையும் மறந்து ஓடிப்போய் அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடா? உனக்கில்லாத வீடா? நீ வந்துடு, என்கூடவே வந்து இருடா என் ராசா..." இருவரும் விம்மி விம்மி அழுதார்கள்.

பாப்பா கதவோரம் நின்றாள். தன்னையும் கூப்பிடுவாள், 'உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தாள். நாத்தனார் நிமிர்ந்தாள்.

"உன்னால என் வீடு மிஞ்சிச்சு, இல்லைங்கலை. நீ கள்ளி இல்லைன்னும் தெரிஞ்சுது. ஆனாலும், கட்டின புருஷனை நாலு பேர் முன்னால தலைகுனிய வெச்சுட்டியே... எங்க வீட்டுப் பொண்ணா இருந்தா செய்ய மாட்டா. சரி விடு, வா. நீயும் வந்து ஒரு மூலையில இரு."

பாப்பாவுக்குக் கோபம் வந்தது. எத்தனையோ வருஷமாக வராத கோபம். ஆனால் குரல் உயரவில்லை.

"உங்க தம்பியை நீங்க கூப்பிட்டு வெச்சுக்குங்கக்கா. கூப்பிடறதுக்கு உங்களுக்கு ஒரு வீடு இருக்குன்னா, நான் அவரைத் தலைகுனிய வெச்சதாலதான் இருக்கு. அந்த வீட்டு மூலையில நான் இருக்க மாட்டேன்."

"எங்கடி போறே?" கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதட்டினான்.

"வேலைக்கு. அரை நாள்தான் லீவு சொல்லியிருக்கேன்."

யாரும் பின்னால் வரவில்லை. பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்த பிறகுதான் அழுதாள். பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றிக் கவலைப்படாமல், வாய்விட்டு, ஆசைதீர அழுதாள். இறங்குமிடம் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிக் கடைக்குப் போனாள். சாயங்காலம் முதலாளியம்மாவிடம் கேட்டு, கடைக்கு மேலே காலியாகக் கிடந்த அறையைத் தன் பெயருக்கே வாடகைக்குப் பேசி முடித்தாள்.